எதுத்த கடைக்காரி

பைய மேல வெக்க வேண்டாமுங்க. என்ற காலுக்கடியிலயே இருக்கட்டும். அட, உங்களச் சொல்லலீங்க. உங்களப் பாத்தா நல்ல மனுசராத்தான் தெரியுது. ஆனா நான் மூணு மாசம் மெட்ராஸ்ல இருந்துட்டு வர்றன் பாருங்க, அங்க அல்லாருமே பாக்கறதுக்கு நல்ல மனுசராத்தான் இருக்கறாங்க. அந்த ஊர்ல சிக்கலே அதுதானுங்க.

நீங்க எதுவரைக்குமுங்க? திருப்பூரா? சரி. நான் ஈரோட்டுல ரயில விட்டு எறங்கி அந்தியூரு பஸ்சு புடிக்கோணும்.

பேரு சென்னியப்பனுங்க. வேலாத்தா ஸ்டோர்ஸ்னு எங்க பக்கத்துல ஒரு மளிகைக் கடை. கோபி, சத்தி, பவானி, பெருந்துறைன்னு வரிசையா கிளை. மொதலாளி, பெரியவரு, அவிங்கம்மா பேருல ஒத்தக் கடையா ஆரம்பிச்சது. அந்தியூருக் கிளைக்கு நாந்தான் மேனேஜரு. கடை தொறந்த நாள்லருந்து நாந்தான். எனக்குப் படிப்பில்லீங்க. கண்ணுதான். ஒருத்தரு கடைக்குள்ள வர்ற நடையிலயே சொல்லிருவன், வாங்க வர்றாரா எடுக்க வர்றாரான்னு. ஒருக்கா ஊர்லயே பெரிய எடத்து அம்மா ஒண்ணு, கார்ல வந்து எறங்கி ஏலக்காய்ப் பாக்கெட்ட முந்தானைக்குள்ள சொருகிட்டாங்க. விட்டனா? வாசல்லயே நிறுத்திட்டன். அந்தம்மா அப்புறம் கடைப்பக்கமே வரல. அவிங்க சொந்தபந்தம் ஒறம்பரைகளும் வரல. அது வேற விசயம். ஏலக்கா நம்ம கடையிலயே இருந்துச்சில்லீங்களா, அதச் சொல்லுங்க.

பெரியவரு படுக்கையில விழுந்தப்பறம் அவரு மகன் சின்னவரு கைக்கு வந்துச்சு. தீபன்னு பேரு. நல்ல பையன்தான். ஆனா ஒரே எடத்துல கால் தரிக்காது. ஒரு நாள் அந்தியூருக்கு வந்து என்ற எதுத்தாப்புல உக்காந்துட்டு, "அண்ணே, மெட்ராஸ்ல ஒரு கிளை போடறோம்"னாரு.

"அங்க இல்லாத கடையாங்க? நம்மள எவன் சீண்டுவான்?"ன்னன்.

"நம்மூரு சனம் அங்க எத்தனை இருக்குது தெரியுமாண்ணே? நல்ல கடலெண்ணைக்கும் நாட்டுச்சக்கரைக்கும் ஏங்கிட்டுக் கெடக்கறாங்க. சரக்கு நான் அனுப்பறன். கண்ணு மட்டும் நீங்க குடுங்க"ன்னாரு.

அப்படிக் கேட்டா என்ன பண்றதுங்க? ஊட்டுக்காரி ஒரே அழுகை. மூட்டை கட்டிட்டுக் கெளம்பிட்டன்.

ஏரியா பேருங்களா? அது எதுக்குங்க உங்களுக்கு? தாம்பரத்துக்கு அக்கட்டாலன்னு வெச்சுக்குங்க, போதும். ரோட்டு முக்குல ஒரு பெரிய கம்பெனிக்காரன் கடை, கண்ணாடி மாளிகையாட்ட. அதுபோக, போன்ல அழுத்துனா சாமானக் கொண்டாந்து குடுக்கற பசங்க, கலர்கலரா சட்டையப் போட்டுட்டு எந்நேரமும் வண்டியில பறந்துட்டே இருப்பானுங்க. அதுக்கு நடுவுல நம்ம கடை. நமக்கு நேர் எதுத்தாப்புல ஆரோக்கியம் ஸ்டோர்ஸ். பேருதான் ஸ்டோர்ஸு. ரெண்டு ஷட்டர் அகலம், உள்ளாற ஒரே இருட்டு. நடத்தறது ஆரோக்கியமேரின்னு ஒரு பொம்பளை. என்ற வயசுதான் இருக்கும். நல்ல கட்டை ஒடம்பு, ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்து பேசுனா அந்தப் பக்கம் கேக்கும்.

தொறந்த அன்னைக்கே வந்துருச்சுங்க அது. பூசை முடிஞ்சு கற்பூரம் அணையல, ஒரு தட்டுல ஆப்பிளும் ஸ்வீட்டு டப்பாவும் வெச்சுட்டு, நேரா உள்ளாற வருது.

"வாழ்த்துக்கள்ணே. நான் எதிர்க்கட மேரி. எது வேணும்னாலும் ஒரு குரல் குடு."

குடு! நெனச்சுப் பாருங்க. எங்கூர்ல கன்னுக்குட்டியக்கூட 'வாங்க சாமி'ன்னுதானுங்க கூப்புடுவோம். முன்னப்பின்ன தெரியாத மனுசன 'நீ, வா, போ'ங்குது. சரி, வந்த எடத்துல சண்டை எதுக்குன்னு பல்லக் கடிச்சுட்டு நின்னன். அது கடைய ஒரு சுத்து பாத்துச்சு. பாத்துட்டு பக்கத்துல வந்து மெதுவாச் சொல்லுது:

"அண்ணே, தப்பா எடுத்துக்காத. கீழ் ரூம்புல மூட்டய அடுக்காத. ஐப்பசி மழைக்குத் தண்ணி ஏறிரும். முன்னாடி இருந்த செருப்புக் கடைக்காரரு ரெண்டு வாட்டி அடி வாங்கிட்டுத்தான் காலி பண்ணாரு."

எனக்கு அங்கதானுங்க மணியடிச்சுது. கீழ் ரூம்பு இருக்கறது இவளுக்கு எப்படித் தெரியும்? அது ரோட்டு மட்டத்துக்குக் கீழ, நாலஞ்சு படி எறங்கிப் போகோணும், வெளிய இருந்து பாத்தாத் தெரியவே தெரியாது. வாடகைக்கு எடுத்ததே அந்த ரூம்புக்காகத்தான். மொத நாளே வந்து, குடோனுல சரக்கு வெக்காதேன்னு ஒரு எதுத்த கடைக்காரி எதுக்குங்க சொல்றா? சரக்கு வெக்காட்டி என்ன ஆகும்? கேட்ட சாமான் இருக்காது. கேட்ட சாமான் இல்லாட்டி சனம் எங்க போகும்? ரோட்டத் தாண்டி அவ கடைக்குத்தானே போகும்?

எனக்குப் புரிஞ்சு போச்சு. ஸ்வீட்டு டப்பாவ அப்படியே வாட்ச்மேன்கிட்டக் குடுத்துட்டன். அந்தாளு தின்னுட்டு ஒண்ணும் ஆகாம நல்லாத்தான் இருந்தாரு. இருந்தாலும் நம்ம ஜாக்கிரதை நமக்கு.

சும்மா சொல்லக்கூடாது, வாடகைக்கு விட்ட கட்டடக்காரரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டன். "அதெல்லாம் ஒரு சொட்டு வராதுங்க, நீங்க தைரியமா வையுங்க"ன்னாரு. எவ்வளவு மரியாதையான மனுசன் பாத்தீங்களா? வார்த்தைக்கு வார்த்தை 'ங்க'. அவரு சொல்லுக்கு மேல என்னங்க வேணும்? அன்னைக்கே லாரி வரச் சொல்லிக் கீழ் ரூம்ப ரொப்பிட்டன்.

யாவாரமுங்களா? மொத மாசம் நல்லாத்தான் போச்சு. பெருந்துறைக்கார அம்மா ஒண்ணு, தலைக்குத் தேய்க்கற அரப்புத் தூளப் பாத்துட்டுக் கண்ணுல தண்ணி விட்டுருச்சு. "எங்கூட்டு வாசம் அடிக்குதுங்க"ன்னு அந்தப் பாக்கெட்ட மூஞ்சியில வெச்சுட்டு நின்னுட்டே இருக்குது. எனக்குச் சந்தேகம். ஒரு அரப்புத் தூளுக்கு எவளாச்சும் அழுவாளா? பின்னாடியே போயி, கடைசி வரைக்கும் கூடவே நடந்தன். ஒண்ணும் எடுக்கல. ஆனா பில்லு போடறப்ப என்னைய ஒரு மாதிரி பாத்துட்டுப் போச்சு. அப்புறம் வரக்காணம்.

மெட்ராஸ்க்காரங்களுக்கு ரோசம் சாஸ்திங்க. கைப்பைய வாசல்ல குடுங்கன்னா மூஞ்சியத் தூக்கிக்கறாங்க. ஹெல்மெட்ட வையுங்க, கொடைய வையுங்கன்னா சண்டைக்கு வர்றாங்க. ஒரு ரிட்டயர்டு ஆளு, "நான் திருடனாய்யா?"ன்னு நடுக்கடையில கத்துனாரு. நான் சிரிச்சுட்டே நின்னன். மடியில ஒண்ணும் இல்லாதவன் எதுக்குங்க கத்தறான்?

ஆனா வெளிய இருக்கற ஆளக்கூட சமாளிச்சுரலாமுங்க. உள்ளாற இருக்கற ஆளுதான் கஷ்டம்.

ஊர்லருந்து என்கூட ஒருத்தனக் கூட்டிட்டுப் போயிருந்தன், மயில்சாமின்னு. என்ற ஊட்டுக்காரி வழியில ஒறம்பரை, எனக்கு மச்சினன் மொறை. தங்கமான பையன். எந்நேரமும் போனும் கையுமா, மூலையில நின்னு குசுகுசுன்னு பேசிட்டிருப்பான். ஊட்டு நெனப்புதான், பாவம். மத்தபடி பில்லு போடறதுக்கு அந்த ஊர்ப் பொம்பளையவே ஒண்ணு எடுத்திருந்தோம். குமுதவல்லி. இருக்கும் ஒரு முப்பது வயசு. வேலை சுறுசுறுப்புதான், இல்லைங்கல. ஆனா வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் ஒரே பேச்சு. "ஆன்ட்டி, கால் வலி எப்படி இருக்கு? அங்கிள், பொண்ணு வந்துட்டாங்களா?" பில்லு போடற எடத்துல இதெல்லாம் எதுக்குங்க? ஒரு நாள் எங்கிட்ட வந்து, "சார், இங்க மூட்டையா யாரும் வாங்க மாட்டாங்க, சின்னச் சின்ன பாக்கெட்டாப் போடலாம் சார்"ங்கறா. சின்னப் பாக்கெட்டுன்னா எடுத்து ஒளிக்கறதுக்கு வசதி. எனக்குத் தெரியாதா?

மயில்சாமிதான் சொன்னான். "மாமா, இந்தப் பொம்பளை தெனமும் மத்தியானம் எதுத்த கடைக்குப் போகுது."

நானும் பாத்தன். சாப்பாட்டு நேரம் வந்தா ரோட்டத் தாண்டி நேரா ஆரோக்கியம் ஸ்டோர்ஸு. உள்ளாற போனா, சோத்து நேரம் முடிஞ்சாத்தான் வருவா. எதையும் மறைக்கறதில்ல. எல்லாரும் பாக்கத்தான் போவா. ஒளிஞ்சு போயிருந்தாக்கூட ஏதோ ஒரு பயம் இருக்குதுன்னு நெனைச்சிருப்பன். இது பழகுன கை.

சரி, ஒரு பொறி வெப்போமுன்னு அவகிட்ட மட்டும் தனியாச் சொன்னன்: "திங்கக்கெழமையிலருந்து நல்லெண்ணை ஒரு லிட்டர் வாங்குனா அரை லிட்டர் இனாம். வெளிய மூச்சு விடக்கூடாது." சும்மாதான் சொன்னன், அப்படி ஒரு திட்டமே கெடையாது. திங்கக்கெழமை காலையில ஷட்டரத் தூக்கிட்டு எதுத்தாப்புல பாக்கறன், ஆரோக்கியம் ஸ்டோர்ஸ்ல ஒரு போர்டு தொங்குது: நல்லெண்ணை வாங்கினால் எவர்சில்வர் டம்ளர் இலவசம்.

எண்ணெ வேற டம்ளரு வேறங்கறீங்களா? அதானுங்க சூட்சுமம். அப்படியே போட்டாக் கண்டுபுடிச்சுருவாங்கன்னு மாத்திப் போட்டிருக்கறா.

பத்து மணிக்கு எண்ணெக் கம்பெனி சேல்ஸ்மேன் வந்தான். "சார், டம்ளர் ஸ்கீம் இன்னைக்கு எல்லாக் கடைக்கும் வந்திருக்கு. உங்க டம்ளரும் வண்டியில இருக்கு, எறக்கவா?"ங்கறான். பாத்தீங்களா? அவனும் கூட்டு.

அன்னைக்குப் பொழுதோட குமுதவல்லியக் கூப்புட்டு, நாளையிலருந்து வர வேண்டாமுன்னு சொல்லிட்டன்.

"எதுக்கு சார்?"

"எதுத்த கடைக்கு நீ எதுக்குப் போறேன்னு எனக்குத் தெரியும்."

"எம் பொண்ணு அங்கதான் சார் இருக்கா. ஸ்கூல் சேக்கற வயசு இன்னும் வரல, வூட்ல பாத்துக்க ஆளில்ல. மேரிக்காதான் கடையில வெச்சுப் பாத்துக்கறாங்க. மத்தியானம் சோறு ஊட்டப் போறேன். கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேனே சார்?"

இந்த மாதிரி ஆளுங்ககிட்டக் கொழந்தை கதை ஒண்ணு தயாராவே இருக்குமுங்க. அந்தக் கடையில ஒரு பொட்டப்புள்ள பருப்பு மூட்டை மேல உக்காந்து வெளையாடறத நானும் தெனமும் பாத்துட்டுத்தான் இருந்தன். இல்லைங்கல. ஆனா அது யாரு புள்ளைன்னு நெத்தியில எழுதியா இருக்குது?

அவ போனப்பறம் கூட்டம் பாதியாக் கொறைஞ்சு போச்சுங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? போறப்பவே சனத்தையும் ஒட்டுக்கா இழுத்துட்டுப் போயிட்டா.

அப்புறம் ஆயுத பூசை முடிஞ்ச கையோட மயில்சாமி வந்து தலையச் சொறிஞ்சுட்டு நின்னான். ரோட்டு முக்குல இருக்கற அந்தக் கண்ணாடிக் கடையில வேலை கெடைச்சிருக்குதாம், பெரிய வேலையாம். "பொழைக்கற பையன், போயிட்டு வா கண்ணு"ன்னு நானே கைய நீட்டி விபூதி வெச்சு அனுப்பி வெச்சன். அவன் போயி ஒரு வாரம் இருக்கும், அந்தக் கடையில வாசல்லயே புதுசா ஒரு அடுக்கு வெக்கறாங்க. நாட்டுச்சக்கரை, செக்குக் கடலெண்ணை, அரப்புத் தூளு, வெரலி மஞ்சளு. எங்க சரக்குல எதெது நல்லா ஓடுச்சோ அதுமட்டும், எங்களவிடக் கம்மியா. எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. குமுதவல்லி ரோட்டு முக்கு வரைக்கும் போயிச் சொல்லிருக்கறா பாத்தீங்களா! மயில்சாமிகிட்டக்கூடக் கேட்டன். "ஆமாங்க மாமா, அவளாத்தான் இருக்கோணும்"னான்.

சின்னவரு ஒருக்கா வந்தாரு. காலியாக் கெடந்த கடைய ஒரு பார்வை பாத்தாரு. "என்னங்கண்ணே ஆச்சு?"ன்னாரு. எல்லாத்தையும் வரிசையாச் சொன்னன். கீழ் ரூம்பு, டம்ளரு, கொழந்தை, ரோட்டு முக்கு, அல்லாம் சேந்து ஒரே கூட்டம், நம்மள இந்த ஊர்ல கால் ஊன விடக்கூடாதுன்னு கங்கணங் கட்டிட்டு நிக்கறாங்கன்னு. அவரு கேட்டுட்டே இருந்தாரு. கடைசியா, "அண்ணே, தூங்கறீங்களா நீங்க?"ன்னாரு. எதுக்கு அப்படிக் கேட்டாருன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல.

அன்னையிலருந்து கீழ் ரூம்பு சாவிய அரணாக்கவுத்துலயே கட்டிக்கிட்டன். தீவாளிச் சரக்கு வந்து எறங்கியிருந்துச்சு. அடியில சக்கரை மூட்டை, அதுமேல மைதா, கடலைப் பருப்பு, ஒரு ஓரமா எண்ணெ டின்னு. வெளிச்சம் வர்றதுக்கு எடமில்லாம அடுக்கி வெச்சிருந்தன். அவ வெக்காதேன்னா பாருங்க, அதுக்காகவே கொஞ்சம் கூடத்தான் வெச்சன்.

மழை தீவாளிக்கு மொத வாரம் புடிச்சுது. எங்கூரு மழை வந்தா சொல்லிட்டுப் போயிரும். அது அப்படியில்லீங்க. வானத்துல எதையோ கிழிச்சு விட்டாப்புல நிக்காம ஊத்துது. ரெண்டா நாளு காலையில நான் தங்கியிருந்த ரூம்புலருந்து கடைக்கு வர்றன், ரோட்ட மூடிட்டுத் தண்ணி. முழங்காலுக்கு மேல. வேலைக்குப் புதுசா எடுத்திருந்த ரெண்டு பேரும் கடை வாசல்ல நிக்கறாங்க. "சார், கீழ சத்தம் கேக்குது சார், சாவி இல்ல சார்"ங்கறாங்க. சாவி என்ற இடுப்புல.

கதவத் தொறந்தன் பாருங்க, சாமி! தண்ணி மேல இருந்து எறங்கல, கீழ இருந்து பொங்கிட்டு வருது. சாக்கடைக் குழாய் வழியா ஏறியிருக்குது. எனக்கு ஒண்ணும் ஓடல. மைதா மூட்டையாச்சும் காப்பாத்தலாமுன்னு உள்ளாற எறங்கிட்டன். அவனுங்க ரெண்டு பேரும் வேண்டாம் சார்ன்னு கத்தறானுங்க. இவனுங்கள நம்பி உள்ளாற விட்டா எதைத் தூக்கிட்டுப் போவானுங்களோன்னு, நீங்க மேலயே நில்லுங்கடான்னுட்டன்.

அடியில இருந்தது சக்கரை இல்லீங்களா. தண்ணியில கரைஞ்சிருக்குது. எனக்கு எப்படித் தெரியும்? மேல மூட்டை அப்படியே நிக்குது, கீழ ஒண்ணுமே இல்ல, வெறும் சாக்குப் பை. நான் ஒரு மைதா மூட்டையத் தொட்டது தெரியும். அத்தனை அடுக்கும் அப்படியே சாஞ்சு என்ற மேல வந்துருச்சுங்க. கால் ரெண்டும் அடியில மாட்டிருச்சு. தண்ணி நெஞ்சு வரைக்கும். கத்துனா வாயெல்லாம் சக்கரைத் தண்ணி. இனிப்புங்க. சாகறப்ப வாயி இனிச்சுட்டுக் கெடக்குது, அப்படி ஒரு கெரகம். ஊட்டுக்காரி நெனப்பு வந்துச்சு. அந்தியூருக் கடை வாசல் நெனப்பு வந்துச்சு. தண்ணி கழுத்துக்கு வந்துருச்சு.

அப்பத்தான் படியில ஆளு எறங்கற சத்தம். பாத்தா ஆரோக்கியமேரி. சீலையத் தூக்கிச் சொருகிட்டு, அந்த ஒடம்பத் தூக்கிட்டுத் தண்ணிக்குள்ள எறங்கறா. பின்னாடி அவ கடை ஆளுங்க, ஒரு ஆட்டோக்காரரு, குமுதவல்லி.

"கைய வுடாதண்ணே! இன்னா ஆனாலும் எங் கைய வுடாத!"

என்ற சட்டக் காலரை ஒரு கையில புடிச்சுட்டா. இன்னொரு கையால மூட்டையத் தள்றா. மத்தவங்கல்லாம் மேல இருந்து ஒண்ணொண்ணா உருவறாங்க. எவ்வளவு நேரமுன்னு எனக்குத் தெரியாதுங்க. என்ற மூக்கு வரைக்கும் தண்ணி வந்தப்ப, அவ என்ற தலைய அவ தோள் மேல தூக்கி வெச்சுக்கிட்டா. அவ வாய்க்குள்ளயே தண்ணி போகுது, துப்பறா, மறுக்கா "வுடாத வுடாத"ங்கறா. கால் உருவி வந்ததும் ரெண்டு பேரும் படியில விழுந்தோம். அவ முழங்கை பூராப் பேந்து ரத்தம்.

குமுதவல்லிதான் மொதல்ல பாத்தாளாம். மேரி கடை வாசல்லருந்து, நான் கடைக்குள்ள போறதப் பாத்துட்டு, "சார் உள்ள போயிட்டாரு, வெளிய வரல"ன்னு கத்திருக்கறா. வேலைய விட்டு நிறுத்துன கடைய அவ எதுக்குங்க பாத்துட்டே நிக்கோணும்? அதையும் யோசிச்சுப் பாருங்க.

அப்புறம் என்ன? தீவாளிச் சரக்கு மொத்தமும் போச்சு. சின்னவரு வந்தாரு. என்ற கால் கட்டப் பாத்துட்டு, "உசுரு இருக்குதில்லீங்கண்ணே, போதும்"னாரு. எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா எல்லாத்தையும் சொல்லியிருப்பன். எனக்குச் சொல்றதுக்கு எவ்வளவோ இருந்துச்சு. அவரு நேரா ரோட்டத் தாண்டி ஆரோக்கியம் ஸ்டோர்ஸுக்குப் போயிட்டாரு. நன்றி சொல்லப் போறாருன்னு நெனச்சன். ரொம்ப நேரம் ஆளக் காணம். நொண்டிட்டே போயி எட்டிப் பாத்தன். அந்த இருட்டுக் கடைக்குள்ள ஸ்டூல் மேல உக்காந்து டீ குடிச்சுட்டிருக்கறாரு. மேரி கையை ஆட்டி ஆட்டிப் பேசுது. குமுதவல்லி பக்கத்துல நிக்கறா. அந்தப் பொட்டப்புள்ள சின்னவரு மடியில உக்காந்துட்டு அவரு போனப் புடிச்சு இழுக்குது. "அம்மா"ன்னு குமுதவல்லியத்தான் கூப்புட்டுச்சு. என்ற காதுலயே கேட்டுச்சு.

மறுநாள் சொல்லிட்டாரு. நம்ம கடைய மூடியாச்சு. இனி வேலாத்தா எண்ணெ, மஞ்சளு, சக்கரை, அரப்பு அல்லாம் ஆரோக்கியம் ஸ்டோர்ஸ்ல ஒரு பக்கம் முழுக்க அடுக்கி விக்கறதாம். சின்னச் சின்னப் பாக்கெட்டா. நம்ம பக்கத்தப் பாத்துக்கறது குமுதவல்லியாம். அந்தப் பெருந்துறைக்கார அம்மாளே திரும்ப வந்து வாங்கிட்டுப் போச்சாம். சின்னவரு சிரிச்சுட்டே சொல்றாரு.

இப்பப் புரியுதுங்களா உங்களுக்கு? மொத நாளு தட்டத் தூக்கிட்டு வந்தப்பவே அவ முடிவு பண்ணிட்டா. எங்க சரக்கு, அவ கடை. எவ்வளவு பொறுமையா நகத்தியிருக்கறா! மழை வரப் போறதுகூட அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. சாக்கடைய எவன் அடைச்சான்னு யாராச்சும் பாத்தாங்களா? நான் சின்னவருகிட்டச் சொன்னன். "அண்ணே, ஊருக்குப் போயி ஓய்வெடுங்க, அந்தியூருல உங்க நாற்காலி அப்படியேதான் இருக்குது"ன்னாரு.

அல்லாம் கணக்காச் சேருதுங்க. ஒண்ணே ஒண்ணுதான் சேரல. தாம்பரத்துல ரயிலு ஏறுனதுலருந்து அதையேதான் யோசிச்சுட்டு வர்றன்.

அன்னைக்கு என்னைய மேல தூக்கிட்டு வந்து கடை வாசப்படியில உக்கார வெச்சாங்கள்ல, அப்ப எதேச்சையா அவ கடையப் பாத்தன். ஷட்டரு ரெண்டும் தொறந்து கெடக்குது. உள்ளாற ஒரு ஈ, காக்கா இல்ல. கல்லாப் பொட்டி மேல புள்ளையத் தூக்கி உக்கார வெச்சுட்டு, அல்லாரும் இங்க வந்துட்டாங்க. அவளுக்குத் தீவாளிச் சரக்கு அன்னைக்கு விடியக்காலையிலதான் லாரியில வந்து எறங்கியிருக்குது. மேல ஏத்தறதுக்குள்ள குமுதவல்லி கத்திருக்கறா. போட்டது போட்டபடி ஓடியாந்திருக்கறா. அவ மைதாவும் ரவையும் வாசல்லயே தண்ணியில ஊறிப் பொதபொதன்னு கெடந்துச்சுங்க. மூட்டை மூட்டையா. என்ற கண்ணால பாத்தன்.

தொறந்த கடைய விட்டுட்டு, சரக்கத் தண்ணியில விட்டுட்டு, ஒரு யாவாரி வருவாளா? வந்ததுல அவளுக்கு என்ன லாபமுங்க? நான் செத்திருந்தாலும் கடைய மூடித்தான் இருப்பாங்க. சரக்கு அவ கைக்குத்தான் வந்திருக்கும். அவ வராம இருந்திருந்தா அவ மூட்டையாச்சும் தப்பிச்சிருக்கும். எப்படிப் போட்டுப் பாத்தாலும் எதுவோ இடிக்குது.

என்னங்க சொல்றீங்க? மனசு கேக்காம வந்திருப்பாங்கறீங்களா?

சும்மாவா?

இல்லீங்க. அப்படியெல்லாம் இருக்காது. அப்படி இருந்துட்டா அப்புறம் அந்த மூணு மாசமும் நான் என்னத்தைங்க பாத்துட்டு இருந்தன்?

ஏதோ ஒண்ணு இருக்குதுங்க. எனக்குத்தான் இன்னும் புடிபடல. ஈரோடு வர்றதுக்கு நேரங் கெடக்குது. கொஞ்சம் பேசாம இருங்க, யோசிச்சுப் பாக்கறன்.